மானுக்குப் போட்ட நிலாக் கணக்கு பாம்பன் மீனுக்குப் பொருந்துமா?

ராமநாதபுரம் கடற்கரையில் நிலாவைப் பற்றி இரண்டு குழப்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று செய்தியில் வருவது. அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் 'ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது' என்று தொலைக்காட்சியில் ஓடும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பதறிப்போய் வீட்டுக்குப் போன் போடுவார்கள்.

இன்னொன்று செல்போனிலேயே வருவது. மீன்பிடிக்க நல்ல நேரம் சொல்லும் செயலிகள் இப்போது நிறைய இருக்கின்றன. பாம்பன், தொண்டி, மூக்கையூர் என்று ஊர்ப்பெயரைத் தட்டினால் போதும், அன்றைக்கு எத்தனை மணிக்கு மீன் நன்றாக மேயும் என்று நாலு வேளைகளைக் காட்டி, மேலே நட்சத்திரமும் போட்டுவிடும். வீட்டில் பெரியவர் "இன்னைக்கு அட்டமி, தண்ணி ஓடாது" என்கிறார். பேரன் கையில் இருக்கும் செயலியோ மாலை 6 மணிக்கு அருமையான நேரம் என்கிறது. யார் சொல்வது சரி?

அந்தச் செயலிகள் பலவற்றின் அடியில் இருப்பது நம் கடலுக்காகப் போட்ட கணக்கு அல்ல. அமெரிக்காவில் தூண்டில்காரர்களும் மான் வேட்டைக்காரர்களும் பயன்படுத்திவரும் ஒரு நிலாக் கணக்கு அது. அதில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்க, நிலவு ஓர் உயிரை எந்த வழியில் தொடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நாலு வேளைகள் எங்கிருந்து வந்தன

ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் 1926-ல் இந்தக் கணக்கை முன்வைத்தார். சூரியன், சந்திரன் இரண்டின் லத்தீன் பெயர்களையும் சேர்த்து அதற்கு 'சோலூனார்' என்று பெயர். கடல் மீன் ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்றவற்றத்தை ஒட்டி மேய்கிறதே, அப்படியானால் ஏரி மீனுக்கும் காட்டு விலங்குக்கும் அதே போல ஒரு நேரம் இருக்காதா என்பதுதான் யோசனையின் வேர். அதன் விதிகள் எளிமையானவை.

1. நிலா உச்சிக்கு வரும் நேரம் பெரிய வேளை. சுமார் 2 மணி நேரம்.
2. நிலா பூமியின் மறுபக்கத்தில், நம் காலுக்கு நேர் கீழே இருக்கும் நேரம் இன்னொரு பெரிய வேளை.
3. நிலா உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் சின்ன வேளைகள். ஒவ்வொன்றும் சுமார் 1 மணி நேரம்.
4. அமாவாசை, பௌர்ணமி நெருங்கினால் மதிப்பெண் கூடும்.

அங்கே மான் வேட்டைக்குச் சட்டப்படி பருவம் உண்டு. அந்தப் பருவம் வந்துவிட்டால் இந்தக் காலண்டரைப் பார்த்துக் காட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். (இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது. இந்தக் கட்டுரையில் மான் வருவது காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு மட்டும்.)

இந்தக் கணக்குக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் ஒரு சோதனை உண்டு. முத்துச்சிப்பி பிறந்த கரைக்காரர்களுக்கு அது சுவாரசியமாக இருக்கும். பிராங்க் பிரவுன் என்ற உயிரியலாளர் 1954-ல் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையிலிருந்து சிப்பிகளை எடுத்து, கடலே இல்லாத எவன்ஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய் இருட்டறையில் வைத்தார். தொடக்கத்தில் பழைய ஊரின் ஓத நேரத்துக்கே வாய் திறந்த சிப்பிகள், இரண்டு வாரத்தில் எவன்ஸ்டனில் நிலா உச்சிக்கு வரும் நேரத்துக்கு மாறிவிட்டன என்று எழுதினார். கேட்டதும் மெய்சிலிர்க்கும். ஆனால் லாமோண்ட் கோல் என்ற இன்னொரு அறிஞர் 1957-ல், எந்த உயிரும் சம்பந்தப்படாத தற்செயல் எண்களை எடுத்து அதே வகைக் கணக்கில் ஓட்டிக் காட்டினார். அவற்றிலும் அழகான 'தாளம்' வந்தது! கணக்குப் போடும் முறையே இல்லாத ஒழுங்கை உண்டாக்கிக் காட்டும் என்பது அவர் வாதம். சிப்பிச் சோதனை அதற்குப் பிறகு உறுதியான சான்றாக நிற்கவில்லை.

நிலவுக்கு இருப்பது இரண்டு கைகள்

நிலவு ஒரு மீனையோ நண்டையோ மானையோ போய்த் தொட வேண்டுமானால் அதற்கு இரண்டு கைகள்தான் உண்டு. ஒன்று நீர், இன்னொன்று ஒளி.

'உடம்பில் முக்கால்வாசி தண்ணீர்தானே, கடலை இழுக்கும் நிலா உடம்பையும் இழுக்காதா' என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நியாயமான கேள்விதான். இதற்கான பதில் ராமநாதபுரம் சீமையிலேயே இருக்கிறது. ஊருணிக் கரையில் போய் நின்று பாருங்கள். பௌர்ணமி அன்று ஊருணித் தண்ணீர் படியேறுவதில்லை. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் கண்ணுக்கெட்டாத அளவு விரிந்து கிடந்தாலும் அதற்கும் ஏற்றவற்றம் கிடையாது. காரணம், ஓதம் என்பது நிலவின் இழுப்பால் மட்டும் வருவதல்ல. பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் அந்த இழுப்பில் இருக்கும் வித்தியாசத்தால் வருவது. பூமியின் குறுக்களவு சுமார் 12,700 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் இருப்பதால் வித்தியாசம் தெரிகிறது. மானின் உடம்பு ஒன்றரை மீட்டர், மீனின் உடம்பு ஒரு முழம். அங்கே வித்தியாசம் என்று சொல்ல எதுவுமே இல்லை. கண்மாய்க்கே இல்லாத ஓதம் மானின் ரத்தத்துக்கு எப்படி வரும்?

ஆகவே 'நிலா உச்சியில் இருக்கிறது, அதனால் விலங்குக்குப் பசி எடுக்கும்' என்பதற்கு நேரடி வழி இல்லை. பெருங்கடல் ஓதத்தோடு தொடர்புள்ள நீரில் வாழும் உயிருக்கு நீர் வழியாக வரலாம். இரவில் கண் தெரிய வேண்டிய உயிருக்கு ஒளி வழியாக வரலாம்.

முதல் கை: நீர்

நிலா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பழைய கணக்கில் சொன்னால் ஏறக்குறைய இரண்டு நாழிகை. ஓதமும் நிலாவோடு சேர்ந்து அதே அளவு தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்கு நீர் நிறைந்து நின்ற துறையில் நாளை 6.50-ஐ ஒட்டி நிறையும். ஒரு நாளில் பொதுவாக இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏறி முடியவும் வற்றி முடியவும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

சூரியனுக்கும் ஓத விசை உண்டு. நிலவினுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் பூமியோடு ஒரே கோட்டில் நிற்கும் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் விசைகள் கூடும். ஏற்றம் அதிகம், வற்றமும் அதிகம். இந்த இரண்டு நாள்களையும் பழைய தமிழ் 'உவா' என்ற ஒரே சொல்லால் குறித்தது. பௌர்ணமி வெள்ளுவா, அமாவாசை காருவா. வானத்தில் ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு. கடலுக்கு இரண்டும் ஒன்றுதான். அட்டமியை ஒட்டிய நாள்களில் சூரியனும் நிலாவும் செங்கோணத்தில் நின்று ஒன்றின் வேலையை மற்றொன்று குறைக்கும். அப்போது நீர் மந்தமாக இருக்கும். "அட்டமியில தண்ணி ஓடாது" என்று பெரியவர் சொல்வது இதைத்தான்.

நிலா பூமிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதும் சேரும். அது சராசரியாக 3.63 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கி வரும், 4.05 லட்சம் வரை விலகிப் போகும். ஓத விசை தூரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் குறைவதால், நெருங்கி நிற்கும்போது விலகி நிற்பதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாக இருக்கும். ஒரு பௌர்ணமியைப் போல இன்னொரு பௌர்ணமி இல்லாததற்கு இது ஒரு காரணம்.

'கடல் உள்வாங்கியது' என்றால் என்ன

நம் பக்கத்து ஓதம் உண்மையில் மிகச் சிறியது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் நீர் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். ராமநாதபுரம் கரையில் உவா நாளில்கூட ஒரு மீட்டருக்குள்தான். அப்படியிருக்க 200 அடி தூரம் எப்படி உள்வாங்குகிறது?

கரையின் சரிவைப் பாருங்கள். 150 மீட்டர் நடந்தால்தான் ஒரு மீட்டர் ஆழம் வரும் என்கிற மாதிரி சரிவே தெரியாத கரை என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் 40 சென்டிமீட்டர் இறங்கினால் 60 மீட்டர் தரை வெளியே தெரியும், அதாவது ஏறக்குறைய 200 அடி. முழங்காலுக்கும் குறைவான இறக்கம், ஆனால் படம் எடுத்தால் கடலே ஓடிப்போன மாதிரி இருக்கும். பாறை தெரியும், பாசி தெரியும், நாட்டுப்படகு மண்ணில் சாய்ந்து நிற்கும். கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றும் சேர்ந்துகொண்டால் வற்றம் இன்னும் கூடும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் கூட்டம் கூடும் நாளும் பெரிய வற்றம் வரும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால் செய்தியும் அன்றைக்கே வருகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமி பௌர்ணமி நாளில் வந்தது. அந்த நினைவு இருப்பதால்தான் பயம் போகமாட்டேன் என்கிறது. சுனாமியை உண்டாக்கியது சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம், நிலா அல்ல. வித்தியாசத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: ஓத வற்றம் மணிக்கணக்கில், நின்று நிதானமாக இறங்கும், பஞ்சாங்க நாளுக்கு வரும், வழக்கமான எல்லையோடு நிற்கும். எந்த நாளாக இருந்தாலும் சில நிமிடங்களில், ஊரில் யாரும் பார்த்திராத தூரத்துக்கு நீர் விலகினால், படம் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

வடகடலும் தென்கடலும்

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. வடகடல் அமைதி, ஆழம் குறைவு. பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான். தென்கடல் ஆழம், அலை அதிகம், நீர் பெரும்பாலும் தெளிவு. இந்த இரண்டு கடலிலும் நீர் ஒரே நேரத்தில் ஒரே அளவில் ஏறுவதில்லை. மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்குப் பாம்பன் கால்வாய் வழியாகப் பாய்கிறது. பாலத்தில் நின்று கீழே பார்த்தால் தூணைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு ஓடும் நீர் தெரியும். பருவக்காற்றும் சேர்ந்து இந்த ஓட்டத்தின் திசையை மாற்றும். நீரோட்டத்துக்குக் கடற்கரையில் 'நீவாடு' என்று பெயர். நீர் எவ்வளவு ஏறியது என்பதைவிட நீவாடு எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பதே வலைக்காரருக்கு முக்கியம்.

ஓட்டம் இருந்தால் அடித்தட்டில் இருக்கும் இரை கிளம்பும். இறால் நகரும். சின்ன மீன் ஓட்டத்தோடு போகும், அதைத் தின்னும் பாறை மீனும் சீலா மீனும் பின்னால் வரும். ஆனால் ஓட்டம் மிஞ்சினால் செவுள் வலை படுத்துவிடும், தூண்டில் ஈயம் தரையில் நிற்காது. உவா நாளில் ஓட்டம் அதிகம் என்பதால் மீன்பாடு கட்டாயம் அதிகம் என்று சொல்ல முடியாது. வலைக்கு வலை கணக்கு வேறு.

ஓதத்தையே நம்பி இயங்கும் தொழிலும் உண்டு. பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த பகுதிகளில் கம்பு நட்டுக் கட்டும் களங்கட்டி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கரையோரம் மேய வரும் மீன் நீர் இறங்கும்போது திரும்ப வழியில்லாமல் உள்ளே நிற்கும். வலை நகர்வதில்லை, நீர்தான் மீனைக் கொண்டுவருகிறது. இங்கே நிலாக் கணக்கு தெரியாமல் தொழிலே இல்லை.

அதைவிடத் துல்லியமாக நிலாவைப் பின்பற்றுகிறவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை போன்ற பாசிகள் பாறைகளில் ஒட்டி வளர்கின்றன. பாறை கை எட்டும் ஆழத்துக்கு வருவது பெரிய வற்றத்தில்தான். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு, கண்ணில் கண்ணாடி மாட்டி மூழ்குகிறார்கள். துணி சுற்றாவிட்டால் பாறை விரலைக் கிழித்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கை பாசி பறித்து மேலே வந்து, இடுப்பில் கட்டிய பையில் போட்டுவிட்டு மறுபடி இறங்க வேண்டும். வற்றம் நிற்கிற நேரத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் கூலி. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று அவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் சுழல்கிறது. மற்ற நாளில் பாசி வளரும். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015-ல் சீகாலஜி விருது (தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு ஓர் அமெரிக்க அமைப்பு தருவது) பெற்றபோது இந்தக் கட்டுப்பாடு வெளியுலகுக்கும் தெரியவந்தது. ஓத அறிவு என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது இந்தப் பெண்கள்தான். எந்தச் செயலியும் இவ்வளவு நெருக்கமாகக் கடலைப் பார்த்ததில்லை.

இரண்டாவது கை: ஒளி

நீருக்கு அமாவாசையும் பௌர்ணமியும் ஒன்று என்றோம். ஒளிக்கு அப்படியில்லை, நேர் எதிர். செயலிகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இரண்டு நாளுக்கும் ஒரே நட்சத்திரத்தைக் கொடுத்துவிடுகின்றன.

உச்சிவெயிலின் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). தெளிந்த வானில் முழுநிலவு தருவது 0.1 முதல் 0.3 லக்ஸ் வரை. வெறும் நட்சத்திர ஒளி 0.001 அளவுக்கு. வெயிலோடு ஒப்பிட்டால் நிலவொளி ஒன்றுமே இல்லைதான். ஆனால் இரவில் வாழும் கண்ணுக்கு நட்சத்திர ஒளியைவிட நூறு மடங்குக்கும் அதிகம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரைநிலா முழுநிலவில் பாதி வெளிச்சம் தருவதில்லை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. ஆகவே 'நிலாக்காலம்' என்று உண்மையில் சொல்லக்கூடியது பௌர்ணமியைச் சுற்றிய சில இரவுகள் மட்டும்.

இரவில் எத்தனை மணி நேரம் இருட்டு, அந்த இருட்டு எப்போது என்பதே கேள்வி.

1. அமாவாசை: நிலா சூரியனோடு உதித்து சூரியனோடு மறையும். இரவு முழுக்க இருட்டு.
2. வளர்பிறை அட்டமி: நண்பகலில் உதித்து நள்ளிரவில் மறையும். முன்னிரவு வெளிச்சம், பின்னிரவு இருட்டு.
3. பௌர்ணமி: சூரியன் மறையும்போது உதித்து விடியும்போது மறையும். இரவு முழுக்க வெளிச்சம்.
4. தேய்பிறை அட்டமி: நள்ளிரவில் உதிக்கும். முன்னிரவு இருட்டு.

இதிலிருந்து வலைக்கு என்ன? தங்கூசி நரம்பு வலையானாலும் நூல் வலையானாலும், மீன் பார்க்காமல் வந்து மோதினால்தான் செவுளில் மாட்டும். நிலா வெளிச்சத்தில் வலை தெரியும். அதனால்தான் செவுள் வலைக்குப் பொதுவாக இருட்டு நல்லது. வளர்பிறையில் நிலா இறங்கிய பிறகு, தேய்பிறையில் நிலா ஏறும் முன் என்று வலை விடும் நேரம் மாறுவதன் காரணம் இது. கூட்டமாகத் திரியும் சூடையும் சாளையும் இருட்டில் நீரைக் கலக்கும்போது கடல் பளிச்சென்று மின்னும். அந்த மின்னலைப் பார்த்து வலை வளைப்பவர்களுக்கும் நிலா இல்லாத இரவே உதவும்.

கணவாய் கதை கொஞ்சம் வேறு. கணவாய் விளக்கைத் தேடி வரும். ஆனால் சுற்றிலும் இருட்டாக இருந்தால்தான் விளக்கு விளக்காகத் தெரியும். பௌர்ணமியில் கடல் முழுக்க விளக்கேற்றின மாதிரி இருப்பதால் படகு விளக்கின் மதிப்பு போய்விடும். இந்தப் பலவீனத்தைத் தாண்டத்தான் சிலர் பெரும்பெரும் எல்இடி விளக்குகளைக் கட்டத் தொடங்கினார்கள். அது குஞ்சு குருமான் எல்லாவற்றையும் சேர்த்து வாரிவிடும் என்பதால் மத்திய அரசு 2017-ல் எல்இடி விளக்கு வைத்து மீன்பிடிப்பதற்குத் தடை விதித்தது.

கடலின் நிறமும் சேரும். தென்கடலின் தெளிந்த நீரில் நிலவொளி ஆழம் வரை இறங்கும். வாடைக்காலத்தில் கலங்கிக் கிடக்கும் வடகடலில் மேலேயே தீர்ந்துவிடும். பாம்பனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பௌர்ணமிதான், ஆனால் தண்ணீருக்குள் ஒரே வெளிச்சம் இல்லை.

ஒளியை நேரம் பார்க்கும் கடிகாரமாகவே பயன்படுத்தும் உயிர்களும் உண்டு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி பக்கத்துத் திட்டுகளில் மான்கொம்புப் பவளங்கள் மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டி முட்டையையும் விந்தையும் நீரில் விடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாப் பவளமும் ஒரே இரவில் விட்டால்தான் ஒன்றோடு ஒன்று சேரும். கண் இல்லாத உயிர் நாள் தவறாமல் நிலவைப் பார்க்கிறது என்பது எத்தனை முறை படித்தாலும் வியப்பாகவே இருக்கிறது.

சரி, மான்?

மானுக்கு நீர் என்ற கை இல்லை. ஒளி மட்டும்தான். அப்படியானால் அமாவாசையையும் பௌர்ணமியையும் சேர்த்துப் புகழும் சோலூனார் கணக்கு மானிடம் முதல் படியிலேயே இடறுகிறது.

அமெரிக்காவில் வெள்ளைவால் மான்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டி, ஆண்டுக்கணக்கில் எங்கே எப்போது நடக்கின்றன என்று பல்கலைக்கழகக் குழுக்கள் பல பார்த்துவிட்டன. திரும்பத் திரும்பத் தெரிந்தது ஒன்றுதான். மான் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். நிலா எந்தப் பிறையில் இருந்தாலும் இந்த இரண்டு மேடுகளும் அப்படியே இருக்கின்றன. நிலாவால் வரும் மாற்றம் இருந்தாலும் மிகச் சிறியது. ஓர் ஆய்வில் ஒரு பக்கம் சாயும், இன்னோர் ஆய்வில் மறுபக்கம் சாயும். 'பௌர்ணமி இரவில் மான் விடிய விடிய மேய்ந்துவிடும், பகலில் படுத்துக்கிடக்கும்' என்ற பரவலான நம்பிக்கை அங்கே தேறவில்லை. இணைசேரும் பருவத்தையும் நிலவு தீர்மானிப்பதில்லை. இலையுதிர்காலத்தில் பகல் சுருங்குவதே அதைத் தூண்டுகிறது. அதனால்தான் பௌர்ணமி எந்தத் தேதியில் வந்தாலும் அந்தப் பருவம் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே வாரங்களில் வருகிறது.

மான் அசைபோடும் விலங்கு. மேயும், படுத்து அசைபோடும், மறுபடி மேயும். இரைப்பை காலியாகும் நேரம்தான் அதன் கடிகாரம். பாக் நீரிணையின் வடகோடியில் இருக்கும் கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமானையும் புள்ளிமானையும் பார்க்கலாம். வெளிமான் பெரும்பாலும் பகலிலேயே நடமாடும், திறந்த புல்வெளியில் எதிரியைத் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும் அதற்கு. புள்ளிமானுக்கு விடியலும் அந்தியும். இரண்டுக்கும் நிலாவைவிட வெயில், தண்ணீர், நாயின் தொந்தரவு ஆகியவை பெரிய காரணங்கள்.

இரவில் வேட்டையாடும் விலங்குக்கு நிலவு நிச்சயம் முக்கியம். தான்சானியாவில் சிங்கங்கள் மனிதரைத் தாக்கிய பதிவுகளை ஆராய்ந்த குழு 2011-ல் வெளியிட்ட முடிவு இது: தாக்குதல் அதிகம் நடந்தது பௌர்ணமியில் அல்ல, பௌர்ணமி கழிந்த அடுத்த பத்து நாள்களில், மாலை இருட்டில். நிலா தாமதமாக உதிக்கும், மனிதர்கள் இன்னும் வெளியே நடமாடிக்கொண்டிருப்பார்கள், இருட்டு சிங்கத்துக்குச் சாதகம். தேய்பிறையில் நிலா ஏறும் முன் வலை விடுவதும் இதே தர்க்கம்தான். வேட்டையாடுவது எதுவானாலும், இரையின் கண்ணுக்குத் தெரியாத நேரத்தைத்தான் தேடுகிறது.

அமாவாசை நண்டு

நண்டு வாங்கப் போனால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அமாவாசை நண்டில் சதை நிறைய, பௌர்ணமி நண்டு வெறும் ஓடு என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கும் என்றே தோன்றுகிறது, ஆனால் நிலா சதையை உறிஞ்சுவதால் அல்ல.

நண்டு வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் தண்ணீரை உறிஞ்சி உடம்பை ஊதவைத்து, புது ஓட்டைப் பெரிதாகக் கட்டிக்கொள்ளும். அடுத்த சில நாள் ஓட்டுக்குள் இருப்பது பாதி தண்ணீர்தான். சிலவகை நண்டுகளில் ஓடு கழற்றுவது ஓத நாள்களை ஒட்டி வருவதுண்டு. ஆனால் ஒரு கூடை நண்டில் ஒவ்வொன்றும் தன் தன் நாளில் இருக்கும். காலண்டரை விட்டுவிட்டு நண்டைப் பாருங்கள். ஓலைக்கால் நண்டைக் கவிழ்த்து, வயிற்றுப்பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல் மாதிரி நின்றால் சதை இருக்கிறது. நெகிழ்ந்து கொடுத்தால் தண்ணீர் நண்டு. ஒரே அளவில் இரண்டை இரு கையிலும் தூக்கினாலே கனம் சொல்லிவிடும். ஓடு பளபளவென்று புத்தம் புதிதாக இருப்பதைவிட, அழுக்கேறி, மேலே சின்னச் சின்னச் சிப்பி ஒட்டியிருப்பது நல்லது. அது ஓடு கழற்றி நாளாகிவிட்டது என்பதன் அடையாளம்.

நிலாவை மிஞ்சும் காரணங்கள்

காற்று மாறினால் நிலாக் கணக்கு பின்னுக்குப் போய்விடும். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல். எந்தக் கடலில் இறங்குவது என்பதைக் காற்று முதலில் சொல்லும், எத்தனை மணிக்கு என்பதைத்தான் நிலா சொல்லும்.

அப்புறம் சட்டமும் ஊர்க்கட்டுப்பாடும். ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. அமாவாசை வெள்ளிக்கிழமை வந்தால் அந்த இருட்டு வல்லம், வத்தை போன்ற நாட்டுப்படகுகளுக்குத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் இரண்டு அமாவாசையும் இரண்டு பௌர்ணமியும் கட்டாயம் அடங்கிவிடும், நிலாச்சுற்று 29.5 நாள்தானே.

செயலியை வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தால் போதும்.

1. நட்சத்திரத்தையும் மீன் படத்தையும் விட்டுவிடுங்கள். நிலா உதயம், மறைவு நேரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை வானியல் கணக்கு, தவறாது.
2. ஓத நேரம் எந்தத் துறைக்குக் கணக்கிட்டது என்று பாருங்கள். பாம்பனுக்கு வடக்கே உள்ள நேரம் தெற்கே பொருந்தாது.
3. மீன் கூடும் இடத்துக்கு, ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடலின் வெப்பத்தையும் பாசி நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து வெளியிடும் அறிவிப்பு நிலாக் காலண்டரைவிடப் பயன்படும். அலை, காற்று எச்சரிக்கையும் அங்கிருந்து வருகிறது.
4. உங்கள் துறைக்கான கணக்கை நீங்களே போடலாம். அலை அதிகம் அடிக்காத இடத்தில் ஒரு கம்பை ஊன்றி, தினமும் நீர் நிறைந்து நிற்கும் நேரத்தையும் அது தொட்ட உயரத்தையும் குறித்து வாருங்கள். அமாவாசையில் தொடங்கினால், நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும். முதல் வாரத்தில் கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அட்டமி கழிந்து மறுபடி ஏறத் தொடங்கும். பௌர்ணமி வரும்போது கோடு முதலில் வரைந்த கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நேரமும் பழைய நேரத்தை ஒட்டியே வந்திருக்கும்.